ஒரே மாடலில் மூன்று வண்டி ஓட்டியவன்

திருச்சியில் ஒரு பெரிய கார் ஷோரூமில் போன மாதம் என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் வாங்கினார்கள். ஆனாலும் நான் பேச ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

எங்கள் முதலாளி வைத்திருந்த சொகுசுக் காரின் புதிய தலைமுறை வந்துவிட்டதென்று அங்கே விழா எடுத்தார்கள். கார்களுக்கும் தலைமுறை உண்டு. ஒரு மாடல் பிறந்து, ஏழெட்டு வருடம் விற்று, நடுவில் அங்கங்கே தட்டிக் கொட்டி மாற்றி, கடைசியில் அதை நிறுத்திவிட்டு அதே பெயரில் வேறொரு வண்டியைக் கொண்டுவருவார்கள். பழைய தலைமுறையை வாங்கியவர்களில் ஒருவர் அதைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று முதலாளியைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் என்னை அனுப்பிவிட்டார். "நான் பின்னாடி உக்காந்து தூங்குனவன். ஓட்டுனது நீதானடா, நீயே போயிப் பேசு" என்றார்.

நான் மைக்கைப் பிடித்து, "எல்லாருக்கும் வணக்கங்க. இந்த வண்டியில எங்க மொதலாளி ஏறிப் போனதவிட எறங்கி நடந்ததுதான் அதிகம்" என்று தொடங்கினேன். கூட்டம் சிரித்தது. மேடையோரம் நின்ற மேலாளர் அம்மா சிரிக்கவில்லை. பூச்செண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு மைக்கை வாங்கிக்கொண்டார். அங்கே பாதியில் நின்றதை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் கலியபெருமாள். ஊர் கீழப்பழுவூர் பக்கம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் மாட்டுவண்டிகூட வைத்திருந்ததில்லை. அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நான் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, அதே லாரிக்கு டிரைவராகி, குவாரிக்கும் சிமெண்ட் ஆலைக்கும் நடுவே பதினைந்து வருடம் கல் ஏற்றினேன். லாரிகளின் முதலாளி மாணிக்கம். அவருடைய அம்பாசிடரை ஓட்டியவர் துபாய்க்குப் போனபோது, "லோடு ஓட்டுறவன் பிரேக்க யோசிச்சுத்தான் மிதிப்பான்" என்று சொல்லி என்னைக் காருக்கு மாற்றினார். என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான்.

முதலாளியின் குணத்தைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. அவர் கத்த மாட்டார். எங்களையெல்லாம் வாடா போடா என்றுதான் பேசுவார். அது பிரியம். கோபம் வந்தால் பேச்சில் 'ங்க' சேர்ந்துவிடும். "வாங்க கலியபெருமாள், உக்காருங்க" என்று குரல் வந்தால் ஆபீசில் எல்லோரும் கையில் கிடைத்த ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு லாரி டிரைவரைப் பார்த்து, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்த லாரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு செந்துறை பஸ் ஏறியவர்தான், திரும்பி வரவில்லை.

அம்பாசிடரில் நாங்கள் ஒருமுறை சென்னைக்குப் போனோம். பெரிய ஹோட்டல் ஒன்றில் சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் கூட்டம் வைத்திருந்தார்கள். வாசலில் நின்ற காவலாளி வண்டியைப் பார்த்தார், முதலாளியின் வெள்ளை வேட்டியைப் பார்த்தார், "காய்கறி எறக்குறது பின்வாசல்ங்க" என்றார். முதலாளி பின்வாசல் வழியாகவே போய், சமையற்கட்டைக் கடந்து, கூட்டத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். திரும்பும் வழியில் விழுப்புரம் தாண்டியதும் கேட்டார், "அந்த வாசல்ல நின்ன வண்டியெல்லாம் என்ன வண்டிடா?"

அப்படி வந்ததுதான் முதல் வண்டி. அந்தத் தலைமுறையில் தலைப்பிள்ளை. கறுப்பு. முகத்தில் இரண்டு வட்ட விளக்கு, பார்த்தால் சாதுவான வாத்தியார் மாதிரி இருக்கும். உள்ளே மரப் பலகையும் பழுப்புத் தோலும். சாவியைப் போட்டுத் திருகினால் கிளம்பும், கைப்பிடியை இழுத்தால் பிரேக் விழும், சிடி தட்டு போட்டால் பாடும். எனக்குப் பிடிபடாதது எதுவும் அதில் இல்லை. ஒரே குறை, வயிறு தரையைத் தொடும்படி தாழ்ந்திருக்கும். செய்தவர்கள் தங்கள் ஊர்ச் சாலையை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சாலையில் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, சண்டை போட்டுச் செத்தவர் நினைவாக ஒன்று என்று வேகத்தடை இருக்கும். ஒவ்வொன்றும் வரப்பு உயரம்.

முதல் வாரமே திருமானூர் போகும் வழியில் வயிறு உரசியது. அந்தச் சத்தம் கேட்டபோது முதலாளி தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலையே எனக்கு ஒரு முறை வகுத்துக் கொடுத்தார். அதை நான்கு வருடம் மாற்றாமல் கடைப்பிடித்தோம். வேகத்தடை கண்ணில் பட்டதும் இருபது அடி முன்னால் நிறுத்துவேன். பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் இறங்குவார்கள். முதலாளி முன்னால் போய் வேகத்தடைக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, கன்னம் தரையில் படாத குறையாகச் சாய்ந்து பார்ப்பார். தோளில் கிடக்கும் துண்டை அவர் ஆட்டினால் நான் நகர்த்துவேன், துண்டு நின்றால் நிற்பேன். நேராக ஏறினால் உரசும், கோணலாக ஏற வேண்டும். ஒரு சக்கரம் ஏறி, இறங்கி, அடுத்தது ஏறி என்று நாலும் தாண்டிய பிறகு எல்லோரும் ஏறிக்கொள்வார்கள். அடுத்த வேகத்தடை அரை கிலோமீட்டரில் இருக்கும்.

செந்துறை சாலையில் ஒருநாள் முதலாளி, அவர் மனைவி சரோஜா அம்மா, அம்மாவின் தம்பி மூவரும் பட்டுத்துணியோடு வெயிலில் இறங்கி நடந்துகொண்டிருந்தார்கள். பின்னால் வந்த டவுன்பஸ் வழியில்லாமல் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, "பாவம், காரு வச்சிருக்கவங்க நடந்து போறாங்க. ஏறிக்கங்கம்மா, எடம் இருக்கு" என்றார். கிண்டலாக இல்லை, உண்மையான இரக்கத்தோடு சொன்னார். அம்மா முதலாளியை ஒரு பார்வை பார்த்தார். அந்த வருடமே வண்டியை மாற்ற முடிவானது.

ஷோரூம்காரர், "சார், வேற மாடல் வேணாம். இதுலயே ஃபேஸ்லிஃப்ட் வந்திருக்கு" என்றார். முதலாளி என்னிடம் திரும்பி, "மூஞ்சிய மட்டும் மாத்திட்டாங்களாம்டா" என்றார். பார்த்தால் அப்படித்தான் இருந்தது. உடம்பு அதே உடம்பு, கதவு அதே கதவு. விளக்கு மட்டும் இடுங்கிக் கோபக்காரனைப் போல ஆகியிருந்தது. ஆனால் உள்ளே உட்கார்ந்தால் அந்நியர் வீட்டுக்குள் நுழைந்ததுபோல இருந்தது. இழுக்கிற பிரேக் போய் ஒரு சின்னப் பொத்தான். சிடி போய் கண்ணாடித் திரை. டிக்கியில் முழுச் சக்கரம் இருந்த இடத்தில் மெலிந்த ஒரு சக்கரம், சைக்கிளுக்குப் போடலாம். வயிற்றை இரண்டு அங்குலம் தூக்கிக் காட்ட ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். அதற்காகவே முதலாளி வாங்கினார்.

பெரிய மாற்றம் சாவியில். திருகுவதெல்லாம் இல்லை. சாவி வண்டிக்குள் எங்காவது இருந்தால் போதும், பொத்தானை அமுக்கினால் கிளம்பும். "அப்ப சாவி எங்கிட்டயே இருக்கட்டும்டா, நீ எதுக்குச் சுமக்குற" என்று முதலாளி அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முதலாளி இல்லாமல் வண்டி எங்கும் போவதில்லை. ஆகவே எட்டு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை.

ஒன்பதாவது மாதத்தில் ஒரு முகூர்த்தநாள் வந்தது.

அம்மாவின் தம்பி மகனுக்குப் பெரம்பலூரில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அம்மா அத்தை. தாலி செய்து கொண்டுவரும் பொறுப்பை அவர்தான் கேட்டு வாங்கியிருந்தார். அரியலூர் ஆசாரி முதல்நாள்தான் செய்து முடித்தார். கல்யாணத்தன்றே முதலாளிக்குச் சென்னையில் குவாரி வழக்கு. அவர் நேரில் நிற்காவிட்டால் குவாரி கைவிட்டுப் போய்விடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதனால் காலையில் அவரை அரியலூர் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, செந்துறை சாலையிலுள்ள குலதெய்வக் கோயிலில் தாலியை வைத்துக் கும்பிட்டு, அப்படியே திரும்பிப் பெரம்பலூர் போவதென்று ஏற்பாடு. முகூர்த்தம் ஒன்பதரையிலிருந்து பத்தரை.

தாலிப் பெட்டியை அம்மா மடியில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். முதலாளி கேட்கவில்லை. சீர்த்தட்டுகளோடு டிக்கியில் வைத்தார். டிக்கியை உள்ளிருந்து திறக்கும் பொத்தானையும், சாவிக்குள் ஒளிந்திருக்கும் குட்டிச் சாவியால் பூட்டினார். "இனிமே என் சாவில இருக்குற பொத்தான அமுக்குனாத்தான் தெறக்கும். எவனும் தொட முடியாது" என்றார். சரியாகச் சொன்னார்.

ரயில் நிலையத்தில் நான் இன்ஜினை அணைக்காமல் நிறுத்தினேன். முதலாளி பையோடு இறங்கி உள்ளே போனார். நான் வண்டியைத் திருப்பினேன். மூன்று முறை மணி அடித்தது, திரையில் இங்கிலீஷில் ஏதோ சிவப்பாக எழுதி வந்தது. அம்மா சீட்பெல்ட் போடாவிட்டால் அது அப்படித்தான் அடிக்கும். "பெல்ட்டுங்கம்மா" என்றேன். போட்டுக்கொண்டார். மணி நின்றது.

செந்துறை சாலையில் ரயில்வே கேட் போட்டிருந்தது. போய் நின்றதும் இன்ஜின் தானாக அடங்கியது. அதுவும் இந்த வண்டிக்கு வந்த புதுப் பழக்கம். நின்றால் தூங்கிவிடும், பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் விழித்துக்கொள்ளும். அந்த அமைதியில் மறுபடி மணி அடித்தது. சிவப்பு எழுத்து மறுபடி வந்தது.

"அம்மா, இது என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருங்க."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்து வாசித்தார். மறுபடி ஒருமுறை வாசித்தார். "சாவியக் காணோம்னு சொல்லுது பெருமாளு."

"சாவி மொதலாளிகிட்ட…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். அப்போதுதான் ரயில் வந்தது. அந்த ரயிலுக்காகத்தான் கேட் போட்டிருந்தார்கள். பெட்டி பெட்டியாக எங்கள் கண்முன்னால் போனது. குளிர்பதனப் பெட்டியின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், சட்டைப் பையில், எங்கள் சாவியும் போனது.

கேட் திறந்தார்கள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்குப் பிரேக்கிலிருந்து காலை எடுக்கப் பயம். எடுத்து, வண்டி விழிக்காவிட்டால்? "எடுப்பா, எடுத்துதான் ஆகணும்" என்றார் அம்மா. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். இன்ஜின் ஓடியது. கேட்டைத் தாண்டி ஓரமாக நிறுத்தும்போது, அது மறுபடி தூங்கிவிடாமலிருக்க என்ன செய்வதென்று தேடினோம். அம்மாதான் ஒரு பொத்தானைக் கண்டுபிடித்தார். ஓடுகிற இன்ஜினை எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது. அணைத்தால் முதலாளி வரும்வரை அது வெறும் இரும்பு. அதன் வயிற்றுக்குள் தாலி.

முதலாளிக்குப் போன் போட்டேன். "மொதலாளி, சாவி உங்ககிட்ட இருக்குங்களா?"

பையைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "சட்டப் பையிலதான் இருக்குங்க" என்றார்.

அந்த 'ங்க' எனக்கா அவருக்கா என்று எனக்கு விளங்கவில்லை. மாற்றுச் சாவி சென்னையில் அவர் மகனிடம் இருந்தது. திருச்சி ஷோரூமுக்குப் போன் போட்டோம். வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தால் சாயங்காலத்துக்குள் பார்த்துவிடலாம் என்றார்கள். எங்கள் லாரி ஷெட் மெக்கானிக்குக்குப் போட்டேன். அவர் ஆர்வமாகிவிட்டார். "அண்ணே, கட்டர் கையிலதான் இருக்கு. அஞ்சே நிமிசம், டிக்கிய அறுத்துத் தர்றேன்" என்றார். நான் அதை அம்மாவிடம் சொன்னேன். "போன வை" என்றார் அம்மா.

பிறகு அவரே முதலாளியிடம் பேசினார். ரயில் அடுத்து விருத்தாசலத்தில்தான் நிற்கும். "நீங்க எறங்க வேணாம், கோர்ட்டுக்குப் போங்க. அங்க யாராவது ஒரு நல்ல மனுசன் கையில குடுத்துட்டுப் போங்க. நாங்க வந்து வாங்கிக்கிறோம்" என்றார். என் பக்கம் திரும்பி, "ரயிலு பின்னாலயே வுடு பெருமாளு" என்றார்.

விருத்தாசலம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். டேங்கில் பெட்ரோல் குறைவு. பெரம்பலூர் போகும்போது போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். இன்னும் எழுபத்திரண்டு கிலோமீட்டர் ஓடும் என்று திரை காட்டியது. போதும் என்று நினைத்தேன். ஆனால் அந்தத் திரைக்கு நம் சாலைக் கணக்கு தெரியாது. செந்துறைக் கடைத்தெருவில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் கால் மணி நேரம் ஊர்ந்ததில் எண் சரசரவென்று இறங்கியது. ஒரு பங்க்கில் நுழைந்தேன்.

"இன்ஜின ஆஃப் பண்ணுங்கண்ணே" என்றார் அங்கிருந்தவர்.

"பண்ண முடியாதுங்க தம்பி."

"ஏன்?"

"பண்ணா மறுபடி கெளம்பாது."

அவர் பளபளக்கும் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இம்புட்டு பெரிய வண்டி வாங்கிட்டு பேட்டரி மாத்தலியாண்ணே?" என்றார். பெட்ரோல் போட மறுத்துவிட்டார். அவர் செய்தது சரிதான்.

ஏசியை அணைத்தேன். அம்மா கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டார். மேடு வந்தால் மெதுவாக ஏறினேன், இறக்கத்தில் தானாக உருளவிட்டேன். பதினைந்து வருடம் லோடு லாரியில் கற்றது அன்று காலில் திரும்பி வந்தது. அம்மா திரையைப் பார்த்து எண்ணை வாசித்துக்கொண்டே வந்தார். "முப்பத்தொண்ணு… முப்பது… ஏம்பா, இருபத்தேழுக்குப் போயிருச்சு?" எதிரில் வந்த பஸ்ஸுக்காகக் கொஞ்சம் அழுத்திவிட்டேன் என்று சமாதானம் சொன்னேன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் எண்ணே காணாமல் போய் ஒரு கோடு மட்டும் வந்தது. "இப்ப என்ன அர்த்தம்?" என்றார் அம்மா. "அதுக்கே தெரியலன்னு அர்த்தங்கம்மா" என்றேன். அதற்குப் பிறகு அவர் வாசிக்கவில்லை. கண்ணை மூடிக் குலதெய்வத்தின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்.

முதலாளி போனில் சொல்லியிருந்தார்: "பிளாட்பாரத்துல டீ விக்கிறவரு ஒருத்தருகிட்ட குடுத்திருக்கேன். பேரு கேக்க மறந்துட்டேன். கறுப்பு வண்டி வரும்னு சொல்லியிருக்கேன்." விருத்தாசலம் நிலையத்து வாசலில் ஆட்டோக்களுக்கு நடுவே வண்டியைச் செருகினேன். ஓடுகிற வண்டியை விட்டு இறங்குவதா, இறங்கினால் அது என்ன செய்யும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். டிக்கி தானாக, மெல்ல, மகாராஜா வாயைத் திறப்பதுபோலத் திறந்தது. அம்மா, "ஐயோ, திருடன்!" என்று கத்தினார்.

ஒருவர் டீ கேனோடு ஓடிவந்தார். கையை உயர்த்திப் பிடித்திருந்தார், அதில் எங்கள் சாவி. "வந்துட்டீங்களா! நானும் வர்ற கறுப்பு வண்டிக்கெல்லாம் அமுக்கி அமுக்கிப் பாத்துக்கிட்டிருக்கேன். ஒண்ணாவது வாயத் தொறக்கணுமே!" என்றார். ஆட்டோக்காரர்கள் கூடிவிட்டார்கள். திறந்த டிக்கிக்குள் பழத்தட்டும் பூத்தட்டும் பட்டுப்புடவையும் கடைவிரித்ததுபோல இருந்தன. அம்மா முதலில் தாலிப் பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு சீர்த்தட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து டீக்காரர் கையில் கொடுத்து, "எந்தம்பி மகன் கல்யாணம். நீங்களும் வாங்க" என்றார். அவரோ, "அடுத்த ரயிலு வந்துரும்மா" என்று சொல்லி எங்கள் இருவருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். நின்றுகொண்டே குடித்தோம். நான் அந்த நிலையத்து வாசலில்தான் இன்ஜினை அணைத்தேன். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அதுவே முதல்முறை.

பெட்ரோல் போட்டுக்கொண்டு பெரம்பலூர் மண்டபத்தை அடைந்தபோது மணி பத்து பன்னிரண்டு. ஐயர் மந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரர் தெரிந்ததையெல்லாம் வாசித்து முடித்து முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார். அம்மாவின் தம்பி வியர்வையோடு ஓடிவந்து, "எங்கக்கா போனீங்க? போனையும் எடுக்கல!" என்றார்.

"சாமி கும்புடப் போனோம்டா" என்றார் அம்மா. "சாமி கொஞ்சம் தூரமாப் போயிருச்சு."

தாலி கட்டும்போது அட்சதை போட அம்மா என்னையும் மேடையருகே கூப்பிட்டு நிறுத்தினார். சாயங்காலம் முதலாளி சென்னையிலிருந்து பேசினார். வழக்கு அவர் பக்கம். "சாவி யாருகிட்ட இருக்கு?" என்றார்.

"எங்கிட்ட இருக்குங்க மொதலாளி."

"இனிமே அங்கயே இருக்கட்டும்டா" என்றார். 'டா' வந்துவிட்டது. நான் அன்று இரண்டாவது பந்தியில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மூன்றாவது வண்டி அந்தத் தலைமுறையின் கடைக்குட்டி. இதற்குமேல் இந்த உடம்பில் மாற்ற ஒன்றுமில்லை என்ற நிலையில் அதற்கு மூளையை வைத்து அனுப்பினார்கள். விளக்கு பாதி மூடிய கண்ணாக, எதையும் நம்பாத பார்வையோடு இருந்தது. சைக்கிள் சக்கரமும் போய்விட்டது. பஞ்சர் ஆனால் அடைக்க ஒரு டப்பா பசை. கல் லாரிகள் சிந்திய சில்லுகள் கிடக்கும் எங்கள் சாலைக்கு ஒரு டப்பா பசை! முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "போஸ்டர் ஒட்டவாடா?" என்றார்.

அந்த வண்டி தானாகப் பிரேக் போடும். பெரம்பலூர் பக்கம் அறுவடை முடிந்தால் பாதிச் சாலையில் மக்காச்சோளம் காயும். வண்டிகள் ஏறாமலிருக்க ஓரத்தில் கல் வைத்து, குச்சி நட்டு, பழைய சேலையைக் கட்டியிருப்பார்கள். நான் வழக்கம்போல ஒதுங்கிப் போகப் பார்த்தேன். சேலை காற்றில் ஆடியது. வண்டி யாரோ குறுக்கே வருவதாக நினைத்து அலறி நின்றது. முதலாளியின் தலை முன்சீட்டில் இடித்தது. சோளம் புரட்டிக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினார். திட்டத்தான் போகிறார் என்று இறக்கினேன். "எல்லாரும் ஏத்திட்டுப் போறாங்க. நீங்கதான்யா சோளத்துக்கு மரியாத குடுத்து நிக்கிறீங்க. நல்லாருங்க" என்றார். முதலாளி நெற்றியைத் தடவிக்கொண்டே கும்பிட்டார்.

வண்டி என்னையும் கண்காணித்தது. நான் களைத்திருப்பதாக அதற்குத் தோன்றினால் திரையில் ஒரு காபிக் கோப்பையைக் காட்டும். முதன்முதலில் காட்டியபோது முதலாளி, "ஓய்வு எடுக்கச் சொல்லுதா? நிறுத்துடா, அது காரணமில்லாம சொல்லாது" என்றார். டீக்கடையில் நிறுத்தினோம். சாலையின் வெள்ளைக் கோட்டின்மேல் இரண்டு முறை சக்கரத்தை ஏற்றி இறக்கினால் கோப்பை வரும் என்பதை ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு டீ வேண்டுமென்று வாய் திறந்து கேட்க வேண்டியிருந்ததில்லை.

அறுபது தாண்டியதும் எனக்குக் கண்ணில் புரை விழுந்தது. எதிரில் வரும் லாரியின் விளக்கு பூவாக விரிந்து தெரிந்தது. யாரும் சொல்வதற்கு முன்னால் நானே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வா, உன்னைய வூட்டுல வுட்டுட்டு வரேன்" என்றார். சாவியை என்னிடமிருந்து வாங்கினார். நான் முன் கதவைத் திறந்தேன். "பின்னால உக்காரு. நான் உக்காந்த எடத்துல ஒருநாளு உக்காந்துதான் பாரேன்" என்றார்.

அந்த மூன்று வண்டிகளில் எதிலும் நான் பின்னால் உட்கார்ந்ததில்லை. துடைத்திருக்கிறேன், அவ்வளவுதான். கை வைக்கும் திண்டில் சாய்ந்து, நடுப்பக்கமாக ஒதுங்கி, அவர் எப்போதும் உட்காரும் விதத்தில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. நிமிர்ந்து பார்த்தால் எதிரில், நடுக் கண்ணாடியில், முதலாளியின் முகம் முழுசாகத் தெரிந்தது. ரொம்ப வருடம் கழித்து ஓட்டுகிறார். லாரி வந்தால் பல்லைக் கடித்தார். பைக் குறுக்கே வந்தால் உதட்டுக்குள் திட்டினார். ஒன்றுவிடாமல் தெரிந்தது.

"மொதலாளி, இங்கேருந்து பாத்தா உங்க மொகம் அப்பட்டமா தெரியுதுங்களே" என்றேன்.

"தெரியும்டா. இத்தன வருசமா நான் என்னத்தப் பாத்துக்கிட்டு வந்தேன்னு நெனச்ச? ரோட்டையா?"

அவர் போனில் பொய் சொன்னபோதெல்லாம், சொன்ன கதையையே சொன்னபோதெல்லாம், பாட்டுக்குக் கூடப் பாடியபோதெல்லாம் என் முகம் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

"ஜெயங்கொண்டத்துக்காரர் ஒருத்தரு புதுக் குவாரிக்குக் கூட்டுச் சேரச் சொல்லி ஒரு மாசம் போன் மேல போன் போட்டாரே, ஞாபகம் இருக்கா?" என்றார். இருந்தது. முதலாளி சேரவில்லை. சேர்ந்தவர்கள் எல்லோரும் பிறகு கோர்ட்டுக்கு அலைந்தார்கள். மாணிக்கம் முதலாளிக்கு ஆளை எடைபோடத் தெரியும் என்று அரியலூரே பேசியது. "எனக்கு அந்த ஆளப் புடிச்சுத்தான் இருந்துச்சு. ஆனா அவரு பேசுறப்பல்லாம் கண்ணாடில ஒன்னைய பாப்பேன். வெளக்கெண்ண குடிச்சவன் மாதிரி மொகத்தச் சுளிப்ப. சரி, கலியனுக்கு என்னமோ தோணுது, வேணாம்னு வுட்டுட்டேன்."

அதைச் சொல்லும்போது கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. நான் தலையை ஆட்டிவைத்தேன்.

ஜெயங்கொண்டத்துக்காரர் போன் போட்ட அந்த மாதம் முழுக்க எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. அதை முதலாளியிடம் இன்றுவரை சொல்லவில்லை.